துண்டுக்கு அடியில் ஒரு விளையாட்டு

மாட்டுச் சந்தையில் பழைய முறைப்படி விலை பேசுவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் ஒன்றுமே புரியாது. தரகரும் வாங்க வந்தவரும் கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்குள் விரல்கள் பிடிபடும், மடங்கும், விடுபடும். ஒருவர் தலையை ஆட்டுவார், இன்னொருவர் கையை உதறிக்கொண்டு நாலு அடி நடந்து திரும்பி வருவார். சுற்றி நிற்பவர்கள் காதில் ஒரு சொல்லும் விழாது. விரல் சொல்வது எண்ணை மட்டும்தான். அது நூறா ஆயிரமா என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, எதிரே நிற்கும் மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். இத்தனை பெரிய வியாபாரம் இத்தனை சின்ன மொழியில் நடப்பதற்குக் காரணம் மொழியின் கெட்டிக்காரத்தனம் இல்லை. சொல்லாமல் விட்டதை இரு தரப்பும் முன்பே அறிந்திருப்பதுதான். மிகச் சிறிய விளையாட்டு ஒன்றை உருவாக்குவது எப்படி என்ற கேள்விக்கும் இதே பதில் பொருந்தும் என்பது என் வாதம்.

எந்த விளையாட்டு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, ஒரு கதையைப் பேசியே நடத்திச் செல்வார்கள். ‘நான் கதவைத் தட்டுகிறேன்’ என்பார் ஒருவர். கதவு திறக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை உருளும். ஒருவர் நடத்துநராக இருந்து உலகத்தின் சார்பில் பதில் சொல்வார். வெளிநாடுகளில் இதற்கு ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. நம் பெருநகரங்களிலும் இப்போது குழுக்கள் உண்டு. இந்த வகையில் நூற்றுக்கணக்கான பக்க விதிப் புத்தகங்களும் உண்டு, ஒரே தாளில் முடிந்துவிடும் ஆட்டங்களும் உண்டு. இருநூறு சொற்களுக்குள் ஒரு முழு ஆட்டத்தை எழுத வேண்டும் என்று 2015 முதல் சில ஆண்டுகள் ஆங்கிலத்தில் போட்டியே நடந்தது. (தமிழில் அந்தப் போட்டியை வைத்தால் கணக்கு வேறு. ‘போயிருக்கமாட்டார்களாம்’ என்பதை நாம் ஒரே சொல்லாக எண்ணுவோம்.) சிறிய ஆட்டம் எழுதுவதென்றால் பெரிய ஆட்டத்தை எடுத்துக் கத்தரிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கத்தரித்தால் கிடைப்பது குறைப்பிரசவம்.

இந்த வகைக்கே தாயான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதற்கு நல்ல சாட்சி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்ட அந்த ஆட்டம் மூன்று மெல்லிய கையேடுகளாகத்தான் வந்தது. மெல்லியதாக இருந்ததற்குக் காரணம் எழுதியவர்களின் சிக்கனம் அன்று. பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆடும் பழக்கம் உள்ளவர்கள்தான் வாங்குவார்கள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1971இல் வந்த ‘செயின்மெயில்’ என்ற போர் விளையாட்டின் விதிகள் கையில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். காட்டுவழிப் பயணத்துக்கு வேறொரு நிறுவனத்தின் பலகையையே எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த வட்டத்துக்கு உள்ளே இருந்தவர்களுக்கு மூன்று கையேடுகள் போதுமாக இருந்தன. வெளியே இருந்து வாங்கியவர்களோ விழித்தார்கள், ஊருக்கு ஒரு விதமாகப் பொருள் கொண்டு ஆடினார்கள். 1977 முதல் 1979 வரை அதே ஆட்டம் கனத்த அட்டை போட்ட மூன்று பெரிய புத்தகங்களாக வீங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். நமக்கு இது புதிய கதையும் அன்று. நூற்பா சுருக்கமாக இருந்தது ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில். அவர் எழுந்து போனபின் இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் பக்கம் பக்கமாக உரை எழுத வேண்டியிருந்தது. கேட்பவர் மாறினால் சுருக்கம் புதிராகிவிடுகிறது.

ஒரு பக்க ஆட்டங்களில் வெற்றி பெற்றவை இதைத் தெரிந்தே செய்தவை. ஜான் ஹார்ப்பர் 2013இல் எழுதிய ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் எண், இரண்டிலிருந்து ஐந்துக்குள். அறிவாலும் கருவியாலும் செய்யும் காரியம் என்றால் பகடை அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும். மனத்தாலும் பேச்சாலும் செய்யும் காரியம் என்றால் மேலே விழ வேண்டும். சரியாக அந்த எண்ணே விழுந்தால் நடத்துநரிடம் ஒரு கேள்வி கேட்டு உண்மையான பதிலைப் பெறலாம். ஒரே எண்ணில் ஒருவரின் பலமும் பலவீனமும் அடங்கிவிடுகின்றன. இருந்தாலும் அந்த ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துவது எண் இல்லை, விண்கலம். தொலைக்காட்சியில் விண்வெளித் தொடர்கள் பார்த்து வளர்ந்தவர்களுக்கு கேப்டன் என்றால் எப்படி இருப்பார், எந்திர அறையில் என்ன வெடிக்கும் என்று ஒரு வரிகூடச் சொல்லத் தேவையில்லை. கிராண்ட் ஹாவிட் 2017இல் எழுதிய ‘ஹனி ஹைஸ்ட்’ இன்னும் குறும்பு. ஆடுபவர்கள் எல்லாரும் கரடிகள், திருட வந்திருப்பது தேன். கரடித்தனம் மூன்று, திருட்டுத்தனம் மூன்று என்று ஆரம்பிக்கும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். எது ஆறைத் தொட்டாலும் அந்த ஆள் கூட்டத்தின் கையை விட்டுப் போய்விடுவார். தேனைக் கண்ட கரடி என்ன செய்யும் என்பதைக் குழந்தையும் அறியும். அந்த அறிவுதான் எழுதப்படாத முப்பது பக்கம்.

நம்மிடம் அப்படி ஒன்று இருக்கிறதா? நாலைந்து துண்டுத் தாளில் எழுதிக் குலுக்கிப் போடும் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் ஆட்டம் எந்தப் பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சுக்கும் தெரியும். சீட்டை எடுத்தவர் அதை முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது, போலீஸ் எடுத்தவர் மட்டும் தன்னைச் சொல்லிக்கொண்டு திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் அவருடைய மதிப்பெண் திருடனுக்குப் போகும். யார் யாருக்கு எத்தனை என்பது தெருவுக்குத் தெரு மாறும். விதி மூன்று வாக்கியத்தில் முடிந்துவிடும், பகடையும் வேண்டாம், நடத்துநரும் வேண்டாம். ஆனால் ஆட்ட அமைப்பாகப் பார்த்தால் இதில் ஒரு பெரிய ஓட்டை. ஐந்து பேரில் இரண்டு பேருக்குத்தான் வேலை. போலீஸ் தீர்மானிக்கிறார், திருடன் முகத்தைக் காப்பாற்றுகிறார். ராஜாவும் ராணியும் வெறும் சீட்டு, ஆயிரம் மதிப்பெண் அவர்கள் மடியில் தானாக விழுகிறது. (ராஜாக்களைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது என்பது வேறு விஷயம்.) ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொண்டால், மூன்று புலிக்கும் வேலை உண்டு, பதினைந்து ஆட்டுக்கும் வேலை உண்டு. புலி தாண்டி வெட்டும், ஆடு தாண்டாமல் அடைக்கும். இரு பக்கத்துக்கும் வெவ்வேறு ஆசை, வெவ்வேறு வழி. இவற்றில் ஒன்றின் வேடத்தையும் இன்னொன்றின் வேலைப் பங்கீட்டையும் சேர்த்தால் மேசை விளையாட்டுக்கான அஸ்திவாரம் கிடைத்துவிடுகிறது.

நடத்துநர் என்ற ஆளும் நமக்கு அந்நியர் இல்லை. வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து கட்டும்போது கட்டியங்காரன் செய்வது கிட்டத்தட்ட அதே வேலைதான். வந்து நிற்கும் வேடத்தைப் பார்த்து நீர் யார், எந்த ஊர், எதற்கு வந்தீர் என்று கேட்பான். ராஜாவையே மட்டம் தட்டுவான், கூட்டம் தூங்கினால் உசுப்புவான். பாட்டு மனப்பாடம், வசனத்தில் பெரும்பங்கு அங்கேயே பிறக்கும். துரியோதனன் யார் என்று கூட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை என்பதால்தான் விடிய விடிய அந்தச் சுதந்திரம்.

ஆக, ஒரு சிறிய தமிழ் ஆட்டத்தை எழுத உட்காருபவர் முதலில் தேட வேண்டியது விதியை அல்ல, இடத்தை. ஆடப் போகிறவர்களுக்கு உள்ளங்கை போலத் தெரிந்த இடமாக அது இருக்க வேண்டும். வேலூர் வட்டாரத்தில் மாட்டுக்குப் பொய்கை, செவ்வாய்க்கிழமை. ஆட்டுக்கு ஒடுகத்தூர், வெள்ளிக்கிழமை. ஒடுகத்தூர்ச் சந்தையை ஒரு பக்கத்தில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வேடம் நான்கு: விற்க வந்தவர், வாங்க வந்தவர், தரகர், ஆட்டை வளர்த்த பிள்ளை. விற்பவர் இதற்குக் கீழே போக மாட்டேன் என்ற விலையையும், வாங்குபவர் இதற்கு மேலே போக மாட்டேன் என்ற விலையையும் தனித்தனிச் சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். தரகர் தனக்கு இரு பக்கமும் எவ்வளவு என்று எழுதுவார். பிள்ளையின் சீட்டில் ஒரே வரி: இந்த ஆடு விற்கக் கூடாது. விண்கல ஆட்டத்தைப் போலவே எண் ஆளுக்கு ஒன்று. பல் பார்ப்பது, இடுப்பைப் பிடித்துக் கறி மதிப்பது, பொய்யைக் கண்டுபிடிப்பது எல்லாம் கணக்கு, பகடை கீழே விழ வேண்டும். உறவு சொல்வது, கெஞ்சுவது, முறுக்கிக்கொண்டு நடப்பது எல்லாம் பேச்சு, பகடை மேலே விழ வேண்டும். நடுவில் பத்துப் புளியங்கொட்டை. ஒவ்வொரு பகடைக்கும் ஒரு கொட்டை எடுக்கப்படும். கொட்டை தீர்ந்தால் சந்தை கலைந்தது, விற்காத ஆடு வண்டிக்கூலி கொடுத்து வீடு திரும்பும்.

இதில் எழுதாமல் விட்டவை என்னென்ன என்று பாருங்கள். ஆட்டின் விலைப் பட்டியல் இல்லை. வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் வித்தியாசம் சொல்லவில்லை. பல் போட்டது, போடாதது, நாலு பல் என்பதற்கெல்லாம் அட்டவணை இல்லை. ‘இன்னா பாய், பல்லே போடாத குட்டிக்கு இந்த வெல சொல்றீங்களே?’ என்று வாங்குபவர் ஆரம்பித்தால் எதிரே இருப்பவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரியும். தாளின் மேலே ‘பக்ரீத்துக்கு முந்தின வெள்ளி’ என்று மூன்றே சொல் போட்டால் போதும். குர்பானிக்கு வயது நிரம்பிய ஆடு வேண்டும், நாள் நெருங்கிவிட்டது, வாங்குபவர் வெறுங்கையோடு திரும்ப முடியாது. விலை தானாக ஏறும், பேச்சின் சாயல் மாறும். ஆங்கில ஆட்டமாக இருந்தால் இதற்கு ஒரு தனி அத்தியாயம் தேவைப்பட்டிருக்கும். அதே தாளை விருதுநகரில் கொடுத்தால் சந்தையின் பெயரையும் பேச்சையும் மாற்றிக்கொண்டு ஆடிவிடுவார்கள். லண்டனில் பிறந்த தமிழ்ப் பிள்ளையிடம் கொடுத்தால் ஆட்டின் பல்லை எதற்குப் பார்க்க வேண்டும் என்ற கேள்வியிலேயே ஆட்டம் நின்றுவிடும். அது ஆட்டத்தின் குற்றமும் இல்லை, பிள்ளையின் குற்றமும் இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். விதி குறைந்தால் குரல் பெருத்தவன் ராஜ்ஜியம் அல்லவா? உண்மை. விதிப் புத்தகம் கனமாக இருப்பதில் ஒரு நன்மை, கூச்சப்படும் ஆள் பக்கத்தைத் திறந்து காட்டி ‘எனக்கும் முறை உண்டு’ என்று சொல்ல முடியும். ஒரு தாளில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஆகவேதான் எதை வெட்டலாம் என்பதைவிட எதை வெட்டவே கூடாது என்பது முக்கியமாகிறது. யார் எப்போது பேசுவது, இருவர் முரண்பட்டால் எது தீர்மானிக்கும், எப்போது முடியும் ஆகிய மூன்றும் எழுத்தில் இருந்தே தீர வேண்டும். சந்தை ஆட்டத்தில் கொட்டை எடுத்தவர் அடுத்தவருக்குத்தான் பேச்சை விட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் பிள்ளை வேடம் எடுத்தவர் வாயடைத்து உட்கார நேராது. முடிவைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் களைத்து, ‘சரி போதும்’ என்று எழுந்து போகும் ஆட்டங்கள் பெரும்பாலும் முடிவு எழுதப்படாதவைதான். உலகத்தைப் பற்றிய தகவலை வெட்டினால் ஆடுபவர்கள் நிரப்பிக்கொள்வார்கள். முறையைப் பற்றிய விதியை வெட்டினால் அந்த இடத்தை நிரப்புவது அதிகாரம்.

அதிகாரம் என்றதும் அடுத்த மறுப்பு வருகிறது, இது கூர்மையானது. பொது அறிவை நம்பி எழுதும் ஆட்டம் பொது அறிவில் உள்ள அழுக்கையும் சேர்த்துத்தானே எடுத்துவரும்? தரகர் என்றால் திருடன், பாய் என்றால் ஒரு மாதிரி, தோல் வேலை என்றால் இன்ன சாதி. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று இந்த வட்டாரமே தோலை நம்பி இருக்கிறது. தோலைத் தொடுபவரை எப்படிப் பார்த்தது இந்தச் சமூகம் என்பதும் எல்லாருக்கும் தெரிந்த ‘பொது அறிவு’தான். தோல் ஷாப்பு வேலையாளை ஒரு வேடமாகப் போட்டு, அவர் எப்படி நடப்பார், எப்படிப் பேசுவார் என்பதை ஆடுபவர் விருப்பத்துக்கு விட்டால் அங்கே அரங்கேறப் போவது கேலி. இதற்கு வழி, ஆளை எழுதாமல் நிலைமையை எழுதுவது. ஷூ கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கிறது. டிரைவர் இரண்டு நிமிடம் தந்திருக்கிறார். ஐந்து பேர் ஏறிவிட்டார்கள், ஒருத்தி வரவில்லை. ஏன் வரவில்லை என்பது பஸ்ஸில் இருக்கும் ஒருத்திக்கு மட்டும் தெரியும். இந்த நாலு வரியில் சாதிப் பெயரும் இல்லை, வேலை வர்ணனையும் இல்லை, இந்த வட்டாரத்துக்காரர்கள் ஆடுவதற்குத் தேவையான எல்லாம் இருக்கிறது. அதோடு ராஜா-திருடன் சீட்டாட்டத்திடம் கடன் வாங்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் சீட்டு மறுபடி குலுக்கப்படும். போன சுற்று ராஜா இந்தச் சுற்றில் திருடன். பிறப்பால் வேடம் ஒட்டிக்கொண்ட ஊரில் அந்தக் குலுக்கலைவிட நல்ல விதி எனக்குத் தெரிந்து இல்லை. சந்தை ஆட்டத்திலும் நாலு சுற்று ஆடி, நாலு பேரும் நாலு வேடத்தையும் எடுக்க வேண்டும் என்று வைத்துவிடலாம்.

சந்தையையே பார்க்காத பிள்ளை, வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்கலாம். அவர்களுக்கு வெளியூர் வியாபாரி என்ற ஐந்தாவது வேடம் கொடுத்தால் தெரியாமையே அந்த வேடத்தின் உடைமையாகிவிடும். கேள்வி கேட்பது அவர் வேலை, தவறாகச் சொல்லி ஏமாற்றப் பார்ப்பது மற்றவர்கள் வேலை. அதற்காக எல்லாப் பொருளையும் ஒரு தாளில் அடக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பாலாற்றில் தோல் கழிவு கலந்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. முதலாளி, தொழிலாளி, கிணறு கெட்ட விவசாயி, நீதிபதி என்று நாலு வேடம் எழுதுவது சுலபம். ஆனால் விவசாயியின் மகளே ஷூ கம்பெனியில் சம்பளம் வாங்கும் ஊர் இது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் செலவும் குரோமியத்தின் தன்மையும் தெரியாமல் அந்த வழக்கை ஆடினால் நல்லவன் கெட்டவன் நாடகமாகத்தான் முடியும். அதற்குப் பத்துப் பக்கமாவது வேண்டும், ஆடுமுன் படிக்கவும் வேண்டும். பொருள் எவ்வளவு பரிச்சயமோ அந்த அளவுக்குத்தான் விதி சுருங்கும். பரிச்சயம் போல் தோன்றிப் பரிச்சயம் இல்லாத பொருள்களில்தான் குறும் ஆட்டங்கள் குப்புற விழுகின்றன.

படிப்பைக் கெடுக்கும் பொழுதுபோக்கு என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. அட்டையும் விளையாட்டுமாகத் தொடக்கப் பள்ளி வகுப்பை நடத்தலாம் என்பதைத் தமிழகம் செயல்வழிக் கற்றலில் இருந்து எண்ணும் எழுத்தும் வரை அரசுத் திட்டமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதில் ஆசிரியருக்கு வரும் பொருள் மேலிருந்து அச்சிட்டு வருகிறது. எல்லா ஊருக்கும் ஒரே தாள் என்பதால் எந்த ஊரின் அறிவையும் அதால் நம்ப முடியாது, எல்லாவற்றையும் விளக்கியே ஆக வேண்டும். ஊரில் எழுதப்படும் தாளுக்கு அந்தச் சுமை இல்லை. ஆகவே ஆசிரியர்களிடமும் ஊர்ப்புற நூலகர்களிடமும் கேட்பது இதுதான். இறக்குமதியான ஆட்டங்களை மொழிபெயர்த்துத் தராதீர்கள். மொழிபெயர்த்தால் விண்கலம் வரும், அதைப் பற்றிய பரிச்சயம் வராது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் உங்கள் ஊரின் ஓர் இடத்தை, ஒரு கிழமையை, ஒரு நெருக்கடியை எழுதச் சொல்லுங்கள். எழுதிய தாளை எழுதாத பிள்ளைகளிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று விளக்காமல் ஆடவிடுங்கள். முறையைப் பற்றிக் கேள்வி வந்தால் தாளைத் திருத்துங்கள். ஆட்டைப் பற்றிக் கேள்வி வந்தால் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். கனத்த அட்டை போட்ட ஓர் ஆங்கில விதிப் புத்தகம் சில ஆயிரம் ரூபாய் விலை. ஒரு தாள் ஜெராக்ஸ் எடுக்க இரண்டு ரூபாய், புளியங்கொட்டை வீட்டிலேயே இருக்கிறது.